கம்பெனி வாடை

எங்கள் ஊரில் காற்றில் ஒரு வாடை வந்தால் யாரும் அதை விசாரிப்பதில்லை. காற்று திரும்பிவிட்டது என்று சொல்லி ஜன்னலைச் சாத்துவார்கள், கொடியில் கிடக்கும் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போவார்கள், மறுபடி காற்று திரும்பினால் ஜன்னலைத் திறப்பார்கள். கடலூருக்குத் தெற்கே குடியிருப்பவர்களுக்கு அது வெயில் மழை மாதிரிதான். அப்பா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எங்கள் வீட்டு அடுப்பே அந்தக் கம்பெனியை நம்பித்தான் எரிந்தது, அதனால் வாடையைக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எனக்கு அந்த வாடை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அடிக்கடி வந்தது. ரப்பர் கருகுவது போல ஆரம்பித்து, அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போல இருக்கும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா?

முதல் வலிப்பு வந்தது 2004இல், நான் கடலூரில் டிகிரி படித்துக்கொண்டிருந்தபோது. வீட்டுக்குப் பின்னால் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன் என்பது வரைக்கும் நினைவிருக்கிறது. கண் திறந்தபோது கோரைப்பாயில் கிடந்தேன். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது, உடம்பு முழுக்க யாரோ அடித்துப் போட்ட மாதிரி வலி. வலது கையில் பீரோ சாவி இருந்தது. இரும்பைக் கையில் கொடுத்தால் இழுப்பு நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். இழுப்பு தானாகத்தான் நிற்கிறது, நல்ல பெயர் மட்டும் சாவிக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு முறையும் நான் யாருடைய சாவியோடாவதுதான் கண் விழித்தேன். ஒருமுறை சைக்கிள் சாவி, ஒருமுறை கல்லூரி லேப் சாவி.

அம்மா என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டதும் அம்மா குரலைத் தாழ்த்தி, “மயக்கம் போட்டு விழுந்துட்டா சார்” என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்குக் கல்யாண வயதில் மகன் இருந்தான். வலிப்பு என்ற வார்த்தை திரையைத் தாண்டிப் போனால் தெருவைத் தாண்டிப் போகும், அப்புறம் என் கல்யாணம் அம்போதான் என்பது அம்மாவின் கணக்கு. டாக்டர் என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் கம்மி என்று டானிக் எழுதினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மயக்கம் என்று சொன்னால் மயக்கத்துக்குத்தானே மருந்து தருவார்? மாதக்கணக்கில் பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் தின்றேன். பீட்ரூட்டைக் கண்டாலே இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

பிறகு ஒருநாள் அந்தக் கிளினிக் வராந்தாவிலேயே எனக்கு வந்தது. டாக்டர் கண்ணால் பார்த்துவிட்டார், இனி மறைக்க வழியில்லை. ஃபிட்ஸ் என்று சொல்லி வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்த வார்த்தை எங்கள் வீட்டுப் படியேறவில்லை. வீட்டில் அதற்குப் பெயர் ‘அது’. “அது வந்துச்சா?” “அது வந்து ரொம்ப நாளாச்சுல்ல?” “அதுக்கு மாத்திரை போட்டியா?” எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று அம்மா சொல்வாள். உண்மைதான். பெயரே இல்லாத ஒன்றோடு எப்படி மல்லுக்கு நிற்பது? அதற்கு ஒரு பெயர் வேண்டும், அதுவும் முழுப் பெயர் வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் அப்போதுதான் பிறந்தது.

2006இல் சிதம்பரத்தில் நூலகவியல் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வரலாம், எங்கள் பக்கத்திலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் போய் வந்தார்கள். வீட்டில் ஒரே வார்த்தையில் முடியாது என்றார்கள். நான் சாப்பிடாமல் கிடந்தேன், பேசாமல் இருந்தேன், கடைசியில் கத்தியும் பார்த்தேன். கத்தியதுதான் எடுபட்டது. ஆனால் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். அம்மா கூட வருவாள்.

அப்படியே வந்தாள். காலையில் என்னோடு பஸ் ஏறி, டிபார்ட்மென்ட் வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்துகொள்வாள். சாயங்காலம் என்னோடு திரும்புவாள். வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் தலை தெரியும். நான் கொட்டாவி விட்டால்கூட எழுந்து நின்று எட்டிப் பார்ப்பாள். கூடப் படித்தவர்கள் முதலில் அவளைத் துப்புரவு வேலைக்கு வந்தவர் என்று நினைத்து, வகுப்பில் குப்பை கிடக்கிறது என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். அம்மா அதற்கும் சளைக்காமல் பெருக்கிக் கொடுத்திருக்கிறாள். இதைக் கேட்டபோது எனக்கு அவள் மேல் வந்த பாசத்துக்கும் ஆத்திரத்துக்கும் அளவே இல்லை. அன்றைக்கே அப்பாவிடம் கேட்டேன், நான் எப்போது தனியாகப் போகலாம் என்று. டாக்டர் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

சரி, டாக்டர் சொல்லட்டும். ஆனால் டாக்டர் என்ன சொல்கிறார் என்பது எங்கள் யாருக்கும் புரிந்ததில்லையே. அவர் சீட்டில் எழுதுவார், அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைப்பார், மருந்துக் கடைக்காரர் அதைப் பிரித்துப் பார்ப்பார். உடம்புக்கு உரியவளான நான் அதைப் படித்ததே இல்லை. அடுத்த தடவை போனபோது சீட்டை நான் கையில் வாங்கினேன். ஜி.டி.சி.எஸ். என்று நான்கு எழுத்து இருந்தது. இது என்ன சார் என்று கேட்டேன். அப்பா என் முழங்கையைக் கிள்ளினார், டாக்டரைக் கேள்வி கேட்பது அவருக்கு மரியாதைக் குறைவு. டாக்டர் ஒன்றும் கோபப்படவில்லை. மூளை முழுக்க ஒரே சமயத்தில் ஆரம்பித்து, உடம்பு முழுக்க விறைத்து, அப்புறம் வெட்டி வெட்டி இழுக்கிற வகை என்றார். உங்க வீட்டுல அப்படித்தானே சொன்னாங்க என்றும் கேட்டார். ஆமாம், எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். இழுப்பதைத்தான் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

நூலகவியல் படிக்கிறவளுக்குப் புத்தகம் தேடுவதற்குச் சொல்லித் தர வேண்டுமா? பல்கலைக்கழக நூலகத்தில் மருத்துவ அலமாரி எங்கே என்று கண்டுபிடித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். வலிப்பு என்பது ஒரு சம்பவம், வந்து போய்விடும். வலிப்பு நோய் என்பது அந்தச் சம்பவம் திரும்பத் திரும்ப வரும் சுபாவம். இரண்டும் ஒன்றில்லை என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் சம்பவம் இல்லாத நாளில் நான் வெறும் நான்தான். டாக்டர் சீட்டில் என் வலிப்புக்குப் பக்கத்தில் எழுதியிருந்த ‘இடியோபதிக்’ என்ற வார்த்தையைப் பயந்துகொண்டே தேடிப் பார்த்தேன். காரணம் தெரியவில்லை என்று அர்த்தமாம். தெரியாது என்று சொல்வதற்கு இவ்வளவு பெரிய வார்த்தையா என்று அமைதியான அந்த அறையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ‘ஸ்டேட்டஸ்’ என்ற வார்த்தை மட்டும் சிரிக்க விடவில்லை. வலிப்பு ஐந்து நிமிஷத்தைத் தாண்டியும் நிற்காமல் போவது, அல்லது நினைவு திரும்பாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வருவது. அப்போது சாவியைத் தேடக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் தேட வேண்டும்.

அதே அலமாரியில்தான் ‘ஆரா’ என்ற வார்த்தையையும் படித்தேன். வலிப்புக்கு முன்னால் சிலருக்கு ஓர் உணர்வு வருமாம். காரணமில்லாத பயம், கண்ணில் வெளிச்சம், வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது, இல்லாத ஒரு வாசனை. படித்துவிட்டு, எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று பக்கத்தைத் திருப்பினேன். எனக்கு வருவது இருக்கிற வாசனைதானே? ஊருக்கே வருகிறதே. அந்த வாடை வயிற்றைப் புரட்டுவதும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் உள்ளதுதானே.

இதற்கு நடுவில் ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். தலைமுடிக்குள் பசை தடவி, ஒயர் ஒயராக ஒட்டி, கண்ணைத் திற, மூடு, மூச்சை இழுத்து விடு என்றார்கள். ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் படிக்கத் தெரிந்த ஒரே மருத்துவ வார்த்தை அதுதான். அம்மா அன்று சாயங்காலமே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் என் மாத்திரை அட்டையைக் காணோம். தேடித் தேடி அரிசி டின்னுக்குள்ளிருந்து எடுத்தேன். “நார்மல்னு எழுதிருக்காங்கல்ல, இன்னும் எதுக்குடி அந்த வெஷத்த முழுங்குற?” என்றாள். ஈ.ஈ.ஜி. என்பது அந்த அரை மணி நேரத்துக்கு எடுத்த போட்டோ, அம்மா. போட்டோ எடுக்கும்போது திருடன் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். திருடனே இல்லை என்று அர்த்தமில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால்தான் பெரிய ஆபத்து. இதை அவளுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு காலைப் பொழுது முழுக்கத் தேவைப்பட்டது. அன்றிலிருந்து மாத்திரை அட்டை என் பையில்தான் இருந்தது.

மாத்திரை ஒழுங்காகப் போட்டும் வலிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் வேப்பமரத்தடியும் தொடர்ந்தது. அடுத்த வருடம் ஒருநாள் அம்மாவுக்கு நல்ல காய்ச்சல். எனக்கு அன்றைக்குப் பரீட்சை. அப்பா காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். படுத்த படுக்கையிலிருந்தே அம்மா போகாதே என்றாள். நான் போறேன் என்றேன். அவள் அழுதாள், நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தனியாக பஸ் ஏறிய அந்தக் காலையில் எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கண்டக்டரிடம் ஒரு டிக்கெட் என்று சொல்வதே அவ்வளவு இனித்தது.

பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். சிதம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், தினமும் அந்த பஸ்ஸில் வருபவர், முகம் தெரியும், பேசியதில்லை. கண்டிப்பான முகம். ஆபீஸ் ரெக்கார்டு ரூம் சாவி அவரிடம்தான் இருக்கும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. தண்ணீரைப் பார்த்தேன். கம்பெனி வாடை வந்தது. அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

கண் விழித்தது சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில். அந்த அம்மாள் என் தலைமாட்டில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் எனக்கு இழுத்தபோது, எல்லாரும் சாவி சாவி என்று கத்த, அவர் தன் கையிலிருந்த கொத்தை என் கையில் திணித்திருக்கிறார். இழுப்பு நின்றதும் யாரோ என்னை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், சாவியும் என்னோடு போய்விட்டது. வேறு வழியில்லாமல் பின்னாலேயே இன்னொரு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். வந்தால் நான் தர மாட்டேன் என்கிறேன். வலிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் மூளை தெளியாது, அந்த நேரத்துக்குப் ‘போஸ்ட்-இக்டல்’ என்று பெயர். அந்தத் தெளியாத நேரத்தில் நான், இது எங்கள் வீட்டு பீரோ சாவி, அம்மா யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள் என்று இரண்டு கையாலும் கொத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் நினைவில்லை. அவர் அதைச் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

நரம்பு டாக்டர் வந்தார். அவரும் பெண்தான், நிற்க நேரமில்லாமல் நடந்துகொண்டே பேசுகிறவர். வலிப்பு வந்தபோது கூட இருந்தது யார் என்று கேட்டார்.

“கூடல்லாம் வரலிங்க, நான் சாவிக்கு வந்தேன்” என்றார் அந்த அம்மாள். “ஆனா பாத்தது நான்தான்.”

இழுப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். அத்தனை வருடத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் எங்கள் வீட்டில் பதில் இருந்திருக்காது. அந்த அம்மாளிடம் இருந்தது. ஏனென்றால் வலிப்புக்கு முன்னாலிருந்தே அவர் என் மேல் எரிச்சலில் இருந்திருக்கிறார்.

“முன்னாடியே அது சரியில்லிங்க. வாயச் சப்புக்கொட்டிக்கிட்டே இருந்துச்சு. வலது கையால என் பை வாரப் புடிச்சு நோண்டிக்கிட்டே இருக்கு. எடும்மான்றேன், முழிச்சுப் பாக்குது, பதிலே இல்ல. என்னா திமிருன்னு நெனச்சேன். அப்புறம்தான் தல ஒரு பக்கமா திரும்பிச்சு, அதுக்கப்புறம் உடம்பு பூரா இழுத்துச்சு.”

டாக்டர் நின்றார். என் பக்கம் திரும்பி, இப்படி வருவதற்கு முன்னால் உனக்குப் பயம், வயிற்றில் ஏதாவது, வாசனை ஏதாவது வருமா என்று கேட்டார். இல்லை என்றேன். அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவளாயிற்றே, தீர்மானமாகவே சொன்னேன்.

“வாடையா?” என்றார் அந்த அம்மாள். “பாலத்துக்கிட்ட என்னக் கேட்டுச்சே. ஏங்கா, கம்பெனி வாடை இங்க வரைக்கும் வருதான்னு கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் வரலியேன்னேன். அதுக்கப்புறம்தான் நோண்ட ஆரம்பிச்சுது.”

எந்தக் கம்பெனி என்று டாக்டர் கேட்டார். எங்கள் தொழிற்பேட்டைக் கம்பெனிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏது கம்பெனி? கம்பெனிகளைத் தாண்டி அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. காற்றும் கடல் பக்கமிருந்துதான் அடித்தது. படுத்தபடியே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அடிபம்பில் நின்றபோது வாடை வந்தது. கிளினிக் வராந்தாவில், கல்லூரி லேப்பில் வந்தது. ஊரே ஜன்னலைச் சாத்தும் ஊரில், எனக்கு மட்டும் வந்த வாடை எது, எல்லாருக்கும் வந்த வாடை எது என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்? எனக்கு அழுகை வந்தது. வருத்தத்தால் இல்லை. இத்தனை நாள் மறைந்து நின்று அடித்தவனின் முகத்தைப் பார்த்துவிட்ட ஆத்திரமும் நிம்மதியும் சேர்ந்து வந்த அழுகை அது.

டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்தார். “அந்த வாடை முன்னறிவிப்பு மட்டும் இல்ல, அதுவே சின்ன வலிப்பு” என்றார். காதுக்கு மேலே, மூளையின் ஒரு மூலையில் அது ஆரம்பிக்கிறது. அங்கேயே நின்றால் வாடையோடு போய்விடும். கொஞ்சம் பரவினால் சப்புக்கொட்டல், நோண்டல், கூப்பிட்டால் விழிப்பது. அதற்குக் ‘காம்ப்ளெக்ஸ் பார்ஷியல்’ என்று பெயர் சொன்னார். இரண்டு பக்கமும் பரவினால்தான் ஊர் பார்த்த அந்தப் பெரிய இழுப்பு. முதலிலேயே மூளை முழுக்க ஆரம்பிக்கும் வகைக்குக் கொடுக்கும் மாத்திரை இதற்குச் சரியாகக் கேட்காமல் போகலாம், மாற்றிப் பார்ப்போம் என்றார். நான் ஒவ்வொரு பெயரையும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். இவ்வளவு நாள் ‘அது’ என்று இருந்ததற்கு முழுப் பெயர், வீட்டு விலாசம் எல்லாம் கிடைத்துவிட்டது.

அதற்குள் அப்பாவும் காய்ச்சலோடு அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். அப்பா கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “படிச்சது போதும், நாளைக்கே டி.சி. வாங்கிடலாம்” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் கத்தினால் நானும் கத்தலாம். களைத்துப்போனவரிடம் என்ன செய்ய? நான் டாக்டரைப் பார்த்தேன். நீங்கள் சொன்னால்தான் என்னைத் தனியாக விடுவார்கள், நான் பஸ்ஸில் போகலாமா கூடாதா, அப்பாவுக்கு எதிரிலேயே சொல்லிவிடுங்கள் என்றேன். அப்பா இந்த முறை என் முழங்கையைக் கிள்ளவில்லை.

“பஸ்ஸ இவளா ஓட்டப் போறா?” என்றார் டாக்டர்.

டாக்டர் மேலே சொன்னார். வண்டி ஓட்டக் கூடாது, ஆறு குளத்தில் தனியாக இறங்கக் கூடாது, அடுப்படியில் தனியாக நிற்கும்போது கவனம், தூக்கம் கெடக் கூடாது, மாத்திரை தவறக் கூடாது. பஸ்ஸில் தாராளமாகப் போகலாம், படியோரம் நிற்காமல் உட்கார்ந்து போகட்டும், பக்கத்தில் ஒருவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் போதும். அப்பா மெதுவாக அந்த அம்மாளின் பக்கம் திரும்பினார். அவருக்கு அப்பா கேட்கப்போவது புரிந்துவிட்டது.

“நான் காவலுக்கெல்லாம் ஆள் இல்லிங்க” என்றார். பிறகு சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டு, பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, “தெனம் அதே பஸ்தான். பக்கத்துல உக்காரட்டும்” என்றார்.

அதன் பிறகு ஸ்கேன் எடுத்தபோது, டாக்டர் சொன்ன அதே மூலையில் ஒரு சின்னத் தழும்பு தெரிந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் எனக்கு ரொம்ப நேரம் ஜன்னி இழுத்தது என்று அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றாள். ‘இடியோபதிக்’ போயிற்று.

புது மாத்திரை சட்டென்று ஒத்துவரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள், பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். முதல் மாதங்களில் நடந்துகொண்டே தூங்கினேன். விட்டுவிடலாமா என்று தோன்றும்போதெல்லாம் வேப்பமரத்தடியை நினைத்துக்கொள்வேன். அக்கா, அவரை நான் அப்போதே அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தேன், தினமும் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் போட்டு வைப்பார். அன்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மாத்திரை போட்டாச்சா என்று கேட்பார், ஆமாம் என்றால் கண்ணை மூடிக்கொள்வார். அம்மாவுக்குத்தான் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வேப்பமரத்தடியில் அவளுக்கு நாலைந்து சிநேகிதிகள் சேர்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்க நானும் வரட்டுமா என்று சில நாள் கேட்பாள், நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன்.

2008இல் ஒருமுறை அதே பஸ்ஸில் எனக்கு வந்தது. அக்கா சொல்லித்தான் தெரியும். வாடை வருதா என்று நான் கேட்ட உடனே என்னை ஒருக்களித்துச் சாய்த்து, தலைக்கடியில் தன் பையை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். ஒருவர் பைக் சாவியோடு ஓடி வந்திருக்கிறார். “சாவியும் வேணாம், ஒண்ணும் வேணாம். வாயில எதையும் வெக்காதீங்க, கையக் காலப் புடிக்காதீங்க, காத்து வர்ற மாரி தள்ளி நில்லுங்க” என்று அதட்டியிருக்கிறார். அவர் சாவிக்குப் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும். அன்றைக்குக் கண் விழித்தபோது என் கை காலியாக இருந்தது. காலியான கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் பெரிய வலிப்பு வரவில்லை. படிப்பு முடிந்து கடலூரிலேயே சின்னச் சின்ன வேலைகள் பார்த்தேன், மாத்திரைக்காகச் சிதம்பரம் போய்வந்தேன். எப்போது குணமாகும் என்று அப்பா ஒவ்வொரு முறையும் கேட்பார். டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டார். கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பார். அப்பாவுக்கு அது குறைவாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குணம் என்றால் யாரோ கொடுப்பது. கட்டுப்பாடு என்றால் நான் தினமும் இரண்டு வேளை செய்வது.

ஆனால் வாடை மட்டும் எப்போதாவது தனியாக வந்து போகும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் உண்டானது. எனக்கு வாடை வந்தால் உடனே தரையில் உட்கார்ந்து, வாடை வருதா என்று சத்தமாகக் கேட்பேன். அம்மா செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, காற்றை முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். அப்பாவைக் கேட்டுப் பயனில்லை, கம்பெனியில் அவர் மூக்கு செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. வருதுடி, தாங்க முடியல என்று அம்மா சொன்னால் வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிடும். கம்பெனி வாடைக்குச் சந்தோஷப்பட்ட குடும்பம் கடலூரிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

2012இல் சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நூலகர் வேலை கிடைத்தது. இன்டர்வியூவிலேயே எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது, கட்டுப்பாட்டில் இருக்கிறது, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இதுதான் என்று நானே சொல்லிவிட்டேன். மயக்கம் என்று சொல்லி மறுபடி பீட்ரூட் தின்ன நான் தயாராக இல்லை. வேலைக்குச் சேரும் நாள் காலையில் அம்மா புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். நான் பார்த்தேன். அவளே உள்ளே போய் மறுபடி பழைய புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்தாள்.

அக்கா முந்தின வருடமே ஓய்வு பெற்றிருந்தார். பஸ்ஸில் ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. முந்தின டிசம்பரில் அடித்த புயலில் சாய்ந்ததில் சாலையோரத்தில் பாதி மரங்களைக் காணோம், வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் மீன்கூடையோடு ஒரு பெண். பஸ் தொழிற்பேட்டைக்கு வந்துவிட்டதா இல்லையா என்று கவனிப்பதற்குள் அந்த வாடை வந்தது. ரப்பர் கருகும் வாடை. வயிறு புரண்டது. இன்றைக்கா, இந்த நாளிலா என்று நினைத்தேன். மாத்திரை போட்டிருந்தேன், நன்றாகத் தூங்கியிருந்தேன், ஒன்றையும் தவறவிடவில்லை. பையை மடியிலிருந்து கீழே வைத்தேன். சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“ஏங்கா, வாடை வருதா உங்களுக்கு?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். முந்தானையை எடுத்து மூக்கில் அழுத்திக்கொண்டாள். “வருதாவா? கொடலப் பொரட்டுது. மொதல்ல அந்த ஜன்னலச் சாத்து.”

சாத்துறேன் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் சாத்தாமலே இருந்தேன்.